பிரிக்காத கட்டு

படித்துறை கிளப்பின் இப்போதைய காரியதரிசி போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார். பாங்கியில் வேலை பார்க்கிறார், நல்ல மரியாதை தெரிந்த மனிதர். கிளப்புக்கு விழா மலர் போடுகிறார்களாம். அந்தக் காலத்தில் ஷீல்டு ஜெயித்த கதையை நான் எழுதித் தர வேண்டுமாம்.

“அந்த டீமோட இருந்தவங்கள்ல இப்ப நீங்க ஒருத்தர்தாங்க இருக்கீங்க” என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆண்டு விழா மேட்சுக்கு நான் மைதானத்துக்கு வந்து, ஆட்டக்காரர்களின் கணுக்காலில் சிவப்பு நூலை என் கையால் கட்டிவிட வேண்டும் என்றும் கேட்டார். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் பதினொரு பேரும் இடது கணுக்காலில் சிவப்பு நூல் கட்டிக்கொள்கிறார்களாம். அது கிளப்பின் ராசியாம். “நீங்க ஆரம்பிச்சு வச்சதுதானேங்க. போட்டோவுலயே இருக்கே.”

அந்தப் போட்டோவை நான் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. ஷீல்டுக்குப் பின்னால் டீம் நிற்கிறது. ஷீல்டுக்குப் பக்கத்தில் தரையில் ஒருவன் இடது காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். காலில் துணிக்கட்டு. கட்டின் ஓரத்தில் தையல் தெரியும். போட்டோவில் அந்த நூல் கறுப்பாகத்தான் இருக்கும். சிவப்பு என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நூல் கட்ட வர மாட்டேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதை மலரில் போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

நான் டிரஸ்ஸர் வேலை பார்த்தவன். புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போடுகிற வேலை. உப்பிலியபுரத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, அதில் எனக்கு வேலை இல்லாத அளவுக்கு அண்ணன்மார்களும் இருந்தார்கள். எட்டாவது படித்ததை வைத்துத் திருச்சிக்கு வந்தேன். கோட்டைக்கு அருகில் தனியார் ஒருவர் நடத்திய தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டு வருஷம் பாட்டில் கழுவினேன், துணி வேகவைத்தேன், பரீட்சை எழுதித் தேறினேன். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் கற்றதெல்லாம் டாக்டர் அனந்தாச்சாரியிடம்தான்.

அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். பளிச்சென்று திருமண் இட்டு, தினமும் ஜட்கா வண்டியில் காவேரிப் பாலத்தைத் தாண்டி வருவார். எட்டு மணிக்கு அவர் வாசலில் கால் வைக்கும்போது, பெஞ்சியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் கட்டும் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். நேற்றுப் போட்ட கட்டாக இருந்தாலும், வெள்ளை வெளேரென்று இருந்தாலும், பிரித்தாக வேண்டும். பிரித்த துணியைப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். அவர் முதலில் துணியை மோந்து பார்ப்பார். அப்புறம்தான் புண். அதற்கும் அப்புறம்தான் ஆளின் முகம்.

ஒரு நாள் எனக்கு அவசரம். ஒருவனுடைய கட்டைப் பிரிக்காமல் விட்டிருந்தேன். “இவனுக்கு எப்படி இருக்கு?” என்று டாக்டர் கேட்டார். “தேவலைங்க” என்றேன்.

“பாத்தியா, கேட்டியா?”

நான் அந்த ஆளின் முகத்தைப் பார்த்தேன்.

“புண்ணைப் பத்திப் புண்ணுக்காரன்ட்டக் கேக்கப்படாது, பழனியாண்டி. அவனுக்கு ஆத்துக்குப் போகணும். நோக்கு வேலை முடியணும். ரெண்டு பேருமாச் சேந்து பொய் சொல்லிடுவேள். பிரிச்சுப் பாரு.”

திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. அவரே தரையில் குந்தி உட்கார்ந்து அந்தக் கட்டைப் பிரித்தார். புண் நன்றாகத்தான் ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் எழுந்த விதத்தில் நான் இன்னும் குறுகிப்போனேன். அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் அந்த ஒரே கேள்விதான், “பாத்தியா, கேட்டியா?” பல வருஷம் “பார்த்தேங்க” என்றே சொன்னேன், உண்மையாகவே சொன்னேன்.

இனி கிளப். அதற்குப் பத்திரத்தில் நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொன்னதில்லை. கோடையில் காவேரி வற்றியபோது மணலில் துணிப்பந்து உதைத்த ஆட்கள், குளிக்கிற படித்துறையில் உட்கார்ந்து ஆரம்பித்த கிளப் அது, அதனால் படித்துறை கிளப். நான் திருச்சிக்கு வந்த புதிதில், இருபதுகளின் நடுவில், அது ஒரு பந்தும் இரண்டு மூங்கில் கழியும்தான். முப்பதுகளில் டீம் என்று சொல்லும்படி ஆனது. உறையூர் நெசவாளி இருவர், கோட்டைக்குள்ளிருந்து கடைப்பையன்கள் மூவர், சிந்தாமணியிலிருந்து குமாஸ்தா தங்கராஜ், அவர்தான் கேப்டன். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் வீட்டுக்குத் தெரியாமல் வந்து ஆடிவிட்டு, தோல்பந்தைத் தொட்ட தீட்டுப் போகக் காவேரியில் முங்கிவிட்டுத்தான் அக்கரைக்குப் போவார்.

எல்லோரும் வெறுங்காலில் ஆடினார்கள். வாங்க முடியாததால் மட்டுமல்ல. பூட்ஸ் போட்டால் பந்து காலோடு பேசாது என்பார் தங்கராஜ். வெறுங்காலில் ஆடினாலும் உதைக்கிற காலின் கணுக்காலுக்குக் கட்டு வேண்டும், இல்லாவிட்டால் சுளுக்கிக்கொள்ளும். அங்கேதான் நான் உள்ளே வந்தேன்.

என் கட்டு இப்படி. மூன்று விரல் அகலத்தில் காடாத் துணியைக் கிழித்து, வேகவைத்து, முழுக்கக் காயுமுன் சுருட்டிக்கொள்வேன். விரல்களின் அடியில் ஆரம்பித்து, பாதத்தின் மேல் குறுக்கே ஏற்றி, கணுக்காலைச் சுற்றி, மறுபடி பாதத்துக்கு இறக்குவேன். எட்டு மாதிரி ஐந்து சுற்று. குதிகாலும் விரல்களும் திறந்தே இருக்கும், தரையை அவைதான் பிடிக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் உதைக்கும்போது குத்தும், ஊக்கு குத்தினால் கழன்றுவிடும். அதனால் துணியின் முனையை ஊசி நூலால் தைத்துவிடுவேன். இந்தக் கட்டு ஆட்டம் முழுக்க நூல் இழைகூட நகராது. மற்ற டீம்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. ஆஸ்பத்திரியில் நான் கட்டியதை மறுநாள் நானே பிரித்துப் போட வேண்டும். மைதானத்தில் ஆயிரம் பேர் பார்ப்பார்கள்.

காதர் மைதீன் எங்கள் லெப்ட் அவுட், இடது ஓரத்து ஆட்டக்காரன். பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு தையல் கடையில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. நான் கட்டு முடித்ததும் ஊசியைத் தன் கையில் வாங்கிக்கொள்வான். “ஆஸ்பத்திரித் தையல் வேணாம்ணே, நம்ம தையல் போட்டுக்கறேன்” என்று சிரிப்பான். சட்டைப்பையில் எப்போதும் சிவப்பு நூல் வைத்திருப்பான். பொடிப் பொடியாக, மிஷின் தைத்ததுபோல அவன் தையல் இருக்கும். அவன் பந்தைக் கொண்டுபோவதும் அந்தத் தையல் மாதிரித்தான், காலைவிட்டு இரண்டு விரற்கடை தள்ளிப் போகாது.

ராசி என்கிற சனியனை ஆரம்பித்து வைத்தவன் நான்தான். காரியதரிசி சொன்னது சரி. ஷீல்டுப் போட்டியில் முதன்முதலாக ஓர் ஆட்டம் ஜெயித்த வருஷம், ஆட்டம் முடிந்ததும் தங்கராஜ் கட்டைப் பிரிக்கச் சொன்னார். என்னிடம் கத்தரி இல்லை. “ஜெயிச்ச கட்டு, அடுத்த மேட்ச் வரைக்கும் இருக்கட்டுமே” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அடுத்ததிலும் ஜெயித்தார்கள். அவ்வளவுதான், அது சட்டமாகிவிட்டது. போட்டி ஆரம்பித்து முதல் ஆட்டம் ஜெயித்தால், தோற்கிற வரைக்கும் அல்லது ஷீல்டு கைக்கு வருகிற வரைக்கும் யாரும் கட்டைப் பிரிக்கக் கூடாது. படித்துறையில் பதினொரு பேர் ஆளுக்கொரு காலைத் தூக்கிப் படியில் வைத்துக்கொண்டு குளிக்கிறதை ஊரே வேடிக்கை பார்க்கும். தினம் எட்டு மணிக்குள் இருபது கட்டுப் பிரிக்கிற நான் அந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். வியாழக்கிழமை அரை இறுதி. எதிரில் வெளியூர் டீம், பதினொரு பேரும் பூட்ஸ். மைதானம் மன்னார்புரத்துப் பக்கம், அப்போது அங்கே மாடு மேயும். ஆட்டம் முடிய இருக்கும்போது ஒருவன் காதரின் இடது காலை மிதித்துவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை. பூட்ஸின் அடியில் தோல் தேய்ந்து ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்திருக்கிறது. அது கட்டுத்துணியைத் துளைத்துக்கொண்டு பாதத்தின் மேல்புறம் இறங்கிவிட்டது. துணியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ரத்தம். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

நான் கத்தரியை எடுத்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன், எடுத்தேன். தங்கராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பழனி, பைனல் இருக்குய்யா. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. இத்துனூண்டு குத்து. ஏதாவது வழி பண்ணு.”

காதரும் சொன்னான். “வேணாம்ணே. என்னால கட்டு அவிழ்ந்துச்சுன்னு பேரு வேணாம். மேலேயே மருந்த ஊத்துங்க.”

நான் பிரிக்கவில்லை. கட்டின் மேலேயே டிங்சர் ஊற்றினேன். ஒரு புட்டி முழுக்க. துணி நனைந்து பழுப்பாகிவிட்டது, வாசனை மூக்கைத் துளைத்தது. மருந்து உள்ளே போயிருக்கும் என்று சொன்னேன். உள்ளே போகாது என்று எனக்குத் தெரியும். பழுப்பில் சீழ் தெரியாது, டிங்சர் நெடியில் வேறு நெடி தெரியாது என்பதும் தெரியும். பார்ப்பதும் மோப்பதும்தான் என் தொழிலே. இரண்டு கண்ணையும் ஒரு மூக்கையும் நானே அடைத்தேன்.

அடுத்து நான் சொன்னதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. “நாளைக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் வந்துடாதே. டாக்டர் பாத்தா பிரிச்சிடுவாரு” என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தையல் கடைக்குப் போனேன். வலது காலால் மட்டும் மிஷினை மிதித்துத் திணறிக்கொண்டிருந்தான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“கொஞ்சம் காந்துதுண்ணே. ஒண்ணுமில்ல.”

சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். படுத்திருந்தான். விரல்கள் தடித்திருந்தன. நெற்றி சுட்டது. அத்தா என்று அவன் கூப்பிடும் அவனுடைய அப்பா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார். வெளியே வந்து, வாசலில் நின்ற தங்கராஜிடம், பிரித்துவிடலாம் என்றேன். “இன்னும் ஒரே நாளுய்யா” என்றார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. அவருக்குப் புண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் நான். இப்போது பிரித்து, உள்ளே பெரிதாக ஒன்றுமில்லாமல் இருந்து, நாளைக்குத் தோற்றுப்போனால் ஊர் என்னைத்தான் சொல்லும் என்று நினைத்தேன். ஒரு கால் எதிரில் கிடக்கும்போது என் பெயரைப் பற்றி நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு நடந்தே வந்தான். முகம் வெளுத்திருந்தது. “வலி சுத்தமா நின்னுடுச்சுண்ணே. கால் மரத்த மாதிரி இருக்கு. ஆடிடலாம்” என்றான். டீமில் எல்லோரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள். ராசிக் கட்டு வேலை செய்துவிட்டது என்றார்கள். வலிக்கிற புண்ணைப் பற்றிப் பயப்படாதே, வலித்துக்கொண்டிருந்து திடீரென்று மரத்துப்போன புண்ணுக்குப் பயப்படு என்று டாக்டர் எனக்கு முதல் வருஷமே சொல்லியிருக்கிறார். அதை நினைத்துக்கொண்டேதான் நான் கோட்டோரத்தில் நின்றேன். விசில் ஊதினார்கள்.

அன்றைய ஒரே கோல் அவன் போட்டது. இடது ஓரத்திலிருந்து, அந்தக் காலால். எப்படி உதைத்தான் என்று எனக்கு விளங்கவில்லை. அடித்ததும் உட்கார்ந்துவிட்டான், எழுந்திருக்கவில்லை. எஞ்சிய நேரத்தைப் பத்துப் பேர் ஆடி ஒப்பேற்றினார்கள். போட்டோ எடுக்க அவனைத் தூக்கிக்கொண்டுவந்து ஷீல்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவனால் நிற்க முடியாததால்தான் அவன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். மலரில் அந்தப் போட்டோவுக்குக் கீழே என்ன எழுதப் போகிறார்களோ தெரியாது.

கட்டை அப்போதாவது பிரித்திருக்கலாம். கூட்டமும் மாலையும் மேளமுமாக இருந்தது. தங்கராஜ் கண்ணீர் விட்டு அழுதுகொண்டிருந்தார். காலையில் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்றேன்.

மறுநாள் டீம் ஷீல்டை எடுத்துக்கொண்டு முக்கொம்புக்குக் கொண்டாடப் போனது, முன்னமேயே வண்டி பேசியிருந்தார்கள். நானும் காதருடைய அத்தாவும் அவனை ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் பிதற்றினான். எட்டு மணிக்கு டாக்டர் வந்தபோது பெஞ்சியில் அன்றைக்கு ஒரே ஒரு கட்டு மட்டும் பிரிக்கப்படாமல் இருந்தது. கத்தரியோடு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் கத்தரியை என் கையிலிருந்து எடுத்து, சிவப்புத் தையலை வெட்டி, சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். துணியை மோக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெஞ்சியில் இருந்தவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். பாதம் கறுத்திருந்தது. கணுக்காலுக்கு மேலே தோலை அழுத்தினால் உள்ளே நறநறவென்றது, அழுகல் மேலே ஏறிவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

அவர் அந்தக் காலைப் பார்த்தபடியே கேட்டார்.

“பாத்தியா, கேட்டியா?”

“கேட்டேங்க” என்றேன்.

அவர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அன்று பகலிலேயே முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு இருக்கிற ஊசிகள் அன்றைக்கு இல்லை. இருந்திருந்தாலும் நான் கட்டை மூடித்தானே வைத்திருந்தேன்.

வராந்தாவில் அவனுடைய அத்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமில்லாமல் சொன்னார். “தம்பி, நீங்க ஆஸ்பத்திரிக்காரரு. தினம் வந்து பாத்துட்டுப் போறீங்களேன்னுதான் நான் சும்மா இருந்துட்டேன்.”

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விட்டதும், தினக்கட்டுக்கு எங்களிடமே அனுப்பினார்கள். இரண்டாவது டிரஸ்ஸரிடம் அவனை ஒப்படைக்கும்படி டாக்டரிடம் கெஞ்சினேன். “இவன் கட்டை நீதான் பிரிக்கணும். தெனமும்” என்றார். நாலு மாதம் தினமும் எட்டு மணிக்கு முன்னால் காதருடைய வெட்டுப்பட்ட காலின் கட்டைப் பிரித்தேன். அவன் புண்ணைப் பார்க்க மாட்டான். என் முகத்தைப் பார்ப்பான். “எப்படிண்ணே இருக்கு?” என்று அவன்தான் கேட்பான். தேவலை, தேவலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

புண் ஆறிய அன்று, “இனிமே வர வேண்டாம் காதரு” என்றேன்.

“வரேண்ணே. வேற எங்க போறது” என்றான்.

தையல் கடையில் இரட்டைக் காலால் மிதிக்கிற மிஷின். பட்டன் தைக்கக் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டு அப்புறம் நிறுத்திவிட்டார்கள். கிளப்புக்கும் அந்த ஷீல்டோடு உயிர் போய்விட்டது. அடுத்த வருஷம் முதல் சுற்றிலேயே தோற்றோம். யாரும் கட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, என் துணியைக் கேட்டு யாரும் வரவுமில்லை. சண்டை வந்தது. மைதானத்தில் பட்டாளத்துக் கூடாரம் போட்டார்கள். தங்கராஜ் பட்டாளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து பர்மாப் பக்கம் போனார், திரும்பவில்லை. சண்டை முடிந்து வேறு ஆட்கள் அதே பெயரில் கிளப்பை மறுபடி ஆரம்பித்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஷீல்டும் போட்டோவும், சிவப்பு நூல் ராசி என்ற பேச்சும் மட்டும். நடந்ததைச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் போய்ச் சொல்லவில்லை. அதன் பலன்தான் இன்றைக்குப் பதினொரு காலில் சிவப்பு நூலாகத் தொங்குகிறது.

காதர் வந்துகொண்டுதான் இருந்தான். கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு எட்டு மணிக்கு முன்னால் வந்து, புண்ணுக்காரர்களோடு பெஞ்சியில் உட்காருவான். டாக்டர் அவனை எழுப்பச் சொன்னதில்லை. நான் வரிசையாகக் கட்டுப் பிரித்துக்கொண்டு வருவேன். அவனிடம் வந்ததும், பிரிக்க ஒன்றும் இல்லாததால் அவனைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போவேன். வருஷக்கணக்கில் அப்படித் தாண்டினேன். சண்டை முடிகிற சமயத்தில் அவன் மிகவும் இளைத்துப்போயிருந்தான். இருமிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் தாண்டிப் போக மனசு வராமல் நின்று, “எப்படி இருக்கே காதரு?” என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“கேக்காதீங்கண்ணே. பாருங்க” என்றான்.

நான் பார்க்கவில்லை. அடுத்த ஆளின் கட்டைப் பிரிக்கக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.